தொரப்பள்ளியும் வெண்மணியும் ஒரே தேதியில்

சூளகிரி பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்குக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். பகலில் ரோஜாப் பண்ணையில் வேலை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் படிப்பு. தலைவர்களின் பிறந்த நாள், மறைந்த நாள் என்று நோட்டில் கோடு போட்டு எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து கேட்டாள்: "ஏண்ணா, பெரிய ஆளுங்க எல்லாம் டிசம்பர்லயேதான் சாவாங்களா?"

பசங்க எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிப் பார்த்தோம். அவள் கேட்டதில் தப்பில்லை. டிசம்பர் 5, 2013 நெல்சன் மண்டேலா. டிசம்பர் 5, 2016 ஜெயலலிதா. டிசம்பர் 6, 1956 அண்ணல் அம்பேத்கர். டிசம்பர் 23, 1981 கக்கன். டிசம்பர் 24, 1973 பெரியார். அதே டிசம்பர் 24, 1987 எம்.ஜி.ஆர். டிசம்பர் 25, 1972 ராஜாஜி. ராஜாஜி பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் 'நம்ம ஊர்' என்று எழுதியிருந்தாள்.

"டிசம்பர் 25-ல் இன்னும் ஒன்று விட்டுப்போச்சே, கீழவெண்மணி எங்கேம்மா?" என்று கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை. "அது பரீட்சைக்கு வராதுண்ணா."

அன்றைக்கு எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. அதனால்தான் இந்த வாரம் தேதிகளைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் நம்ம ஊர்க்காரரையே பார்ப்போம். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ஆம் தேதி ராஜகோபாலாச்சாரி அங்கே பிறந்தார். அந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறார்கள், நாங்களும் போயிருக்கிறோம். சரியாக எழுபது ஆண்டு கழித்து, 1948-இல் அதே டிசம்பர் 10-இல்தான் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. அதனால் அவர் பிறந்த நாளும் உலக மனித உரிமை நாளும் ஒன்றாகிவிட்டன. மேடையில் பேசுகிறவர்களுக்கு இது வசதி. ஆனால் ராஜாஜியின் வாழ்க்கையை அவ்வளவு எளிதாக ஒரு வரியில் முடித்துவிட முடியாது. 1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் அவரும் கையொப்பமிட்டார். 1938-இல் எம்.சி.ராஜா கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்த ராஜாஜி அதற்குத் துணை நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1939 ஜூலை 8-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்ததும் அதே ராஜாஜி அரசுதான். பிறகு 1953-இல் பள்ளியில் பாதி நேரம், அப்பன் தொழிலில் பாதி நேரம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று ஊரே எதிர்த்தது, மறு ஆண்டே பதவியை விட்டு இறங்கினார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இந்தப் பெண்ணின் கையில் குரூப் 4 நோட்டு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவரைக் கடைசிவரை எதிர்த்தவர் பெரியார், கடைசிவரை நண்பராக இருந்தவரும் பெரியார். 1972 டிசம்பர் 25-இல் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்ட பெரியார், அடுத்த ஆண்டு டிசம்பர் 24-இல் வேலூர் மருத்துவமனையில் மறைந்தார். இடையில் 364 நாள். சரியாக ஓராண்டு ஆக ஒரே ஒரு நாள் குறைவு. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

கக்கனின் தேதி இந்த வரிசையில் முதலாவதாக, டிசம்பர் 23-இல் நிற்கிறது. மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்தவர், இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சராக இருந்தவர். பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் படுத்திருந்தார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அதைப் பார்த்துத் திகைத்துப்போனார் என்று இன்றும் சொல்கிறார்கள். கக்கன் 23, எம்.ஜி.ஆர். 24. ஒவ்வொரு ஆண்டும் 24-ஆம் தேதி காலையில் செய்தித்தாளைப் புரட்டிப் பாருங்கள். முழுப் பக்க விளம்பரம் யாருக்கு, முந்தைய நாள் மூலையில் இரண்டு வரி யாருக்கு என்பது கண்ணில் படும்.

இப்போது 25-ஆம் தேதிக்கு வருவோம்.

1968 டிசம்பர் 25. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணி. கூலி நெல் அரைப் படி கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கும் மிராசுதார்களுக்கும் நடந்த மோதலின் இரவு அது. துப்பாக்கியோடு வந்த கும்பலிடமிருந்து தப்ப ஓடிய பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ராமையாவின் குடிசைக்குள் போய் ஒண்டினார்கள். கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகினார்கள். அந்தக் குடிசை எவ்வளவு சின்னது என்பதை அங்கே போய்ப் பார்த்தவர்களால்தான் கற்பனை செய்ய முடியும். நம் வீட்டுக் கூடத்தில் 44 பேரை நிற்கவைத்துப் பாருங்கள், மூச்சு முட்டும். முதலமைச்சராக இருந்த அண்ணா அப்போதே நோயாளி. அந்த இரவிலிருந்து 40-ஆவது நாள், 1969 பிப்ரவரி 3-இல் அவரும் போய்விட்டார். வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தண்டனையோடு முடிந்து உயர் நீதிமன்றம் போனது. அங்கே மிராசுதார்கள் விடுதலை ஆனார்கள். காரும் நிலபுலனும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் எழுதினார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும்.

அதே டிசம்பர் 25-க்கு இன்னொரு தீயும் உண்டு. கீழவெண்மணிக்கு 41 ஆண்டு முன்னால், 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் அம்பேத்கர் தலைமையில் கூடிய மாநாட்டில் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணர். மார்ச் 20-இல் சவுதார் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்ததன் தொடர்ச்சி அது. அங்கே எரிந்தது ஒரு புத்தகம். இங்கே எரிந்தது கூலி கேட்டவர்களின் பிள்ளைகள்.

கிறிஸ்துமஸ் என்பதால் அன்று எல்லோருக்கும் விடுமுறை. சிப்காட்டில் ஷிப்டு இருந்தால் மட்டும் சிலர் போவார்கள். சர்ச்சுக்குப் போகிற நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், புது உடுப்பு, கேக். வட இந்தியாவில் வாஜ்பாய் பிறந்த நாள் அது, 2014 முதல் நல்லாட்சி நாள் என்று ஒன்றிய அரசு கொண்டாடுகிறது. வேலு நாச்சியார் 1796-இல் மறைந்ததும் டிசம்பர் 25 என்கிறார்கள். சார்லி சாப்ளின் இறந்தது 1977 டிசம்பர் 25. அவருடைய 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை ஒருமுறை படிப்பகத்தில் போட்டோம். ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட்டுக்கு முன்னால் நட்டு முடுக்கி முடுக்கிக் கடைசியில் வேலை முடிந்தும் கை தானாக முடுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் காட்சியில், அசெம்பிளி லைனில் வேலை செய்யும் இரண்டு பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1936-இல் வந்த படம், நேற்று எங்கள் கம்பெனியில் எடுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

இத்தனை பேர் ஒரே தேதியில் வந்து விழுவதற்கு ஏதாவது காரணம் உண்டா? கிரகம், நட்சத்திரம் என்று சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள். கணக்கு வாத்தியாரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். உலகத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். ஆண்டுக்கு இருப்பதோ 365 தேதி, லீப் வருஷத்தில் 366. நாம் நினைவு வைத்திருக்கும் பெயர்கள் சில நூறு இருந்தாலே தேதிகள் மோதத்தான் செய்யும். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால் போதும், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்த நாள் வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல். கேட்டதும் நம்ப மாட்டீர்கள், உங்கள் வகுப்பிலேயே எண்ணிப் பாருங்கள். நம் மனசு மோதிய தேதிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மோதாதவற்றை மறந்துவிடுகிறது. காமராஜர் 1975-இல் காந்தி பிறந்த அக்டோபர் 2-இல் இறந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். காந்தியின் சீடர்களில் வேறு நாட்களில் இறந்த ஆயிரக்கணக்கானவர்களின் தேதியை யார் எண்ணுகிறார்கள்?

சில ஒற்றுமைகள் ஒற்றுமையே அல்ல. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் நாட்டு செர்வான்டஸும் 1616 ஏப்ரல் 23-இல் இறந்தார்கள் என்று சொல்லித்தான் அந்த நாளை உலகப் புத்தக நாளாக வைத்தார்கள். ஆனால் அன்று இங்கிலாந்தில் ஓடிய நாள்காட்டி வேறு, ஸ்பெயினில் ஓடியது வேறு. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். நம்மிடமும் அந்தக் குழப்பம் உண்டு. பாரதியார் இறந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, மணி ஒன்றுக்கு மேல். கடிகாரக் கணக்குப்படி அது 12-ஆம் தேதி. நம் ஊர் வழக்கில் விடிந்தால்தான் அடுத்த நாள், ஆகவே 11. அந்தச் செப்டம்பர் 11-ஆம் தேதியில்தான் 1957-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி இல்லை என்று பாடிய கவிஞருக்கும், சாதிக்குச் சமமாக உட்கார்ந்து பேசியதற்காகக் கொல்லப்பட்டவருக்கும் ஒரே நாள். 2011-இல் அதே நாளில், அஞ்சலி செலுத்த வந்தவர்கள்மீது பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இந்த மூன்றில் முதல் இரண்டு தற்செயல். மூன்றாவது தற்செயல் அல்ல. நினைவு நாள் என்பதால்தான் அங்கே அவ்வளவு பேர் கூடினார்கள்.

இந்த வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வந்து விழும் தேதிகள் உண்டு, தேடி எடுக்கும் தேதிகளும் உண்டு. 1930 ஜனவரி 26-இல் முழு விடுதலை நாள் கொண்டாடியதால்தான், 1949 நவம்பர் 26-இலேயே முடிந்துவிட்ட அரசியல் சாசனத்தை இரண்டு மாதம் காத்திருந்து 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அம்பேத்கர் பௌத்தம் தழுவ அசோக விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தார். அது 1956 அக்டோபர் 14. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவரால் 53 நாள் கழித்து வந்த டிசம்பர் 6-ஐத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, டெல்லி வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. 1992-இல் பாபர் மசூதியை இடித்த அந்த டிசம்பர் 6 எந்த வகை என்று எங்கள் கூட்டங்களில் இன்றும் சண்டை நடக்கிறது. வகை எதுவானாலும், அன்று முதல் அம்பேத்கர் நினைவு நாள் என்றாலே பஸ் நிலையத்தில் மெட்டல் டிடெக்டரும் போலீஸ் வேனும் என்றாகிவிட்டது. 2016-இல் டிசம்பர் 5 நள்ளிரவுக்குச் சற்று முன் ஜெயலலிதா இறந்தார். மறுநாள் 6-ஆம் தேதி நாங்கள் காலனியில் வைத்திருந்த கூட்டத்துக்கு மைக் செட் வரவில்லை, பூக்கடை திறக்கவில்லை. பூ விளையும் ஊரில் அண்ணல் படத்துக்குப் போட ஒரு மாலை கிடைக்காமல், பிள்ளைகள் வேலியோரத்துச் செம்பருத்தியைக் கோத்துப் போட்டார்கள்.

எல்லையில் வாழும் நமக்கு ஒரே தேதி இரண்டாகத் தெரிவது பழக்கம்தான். நவம்பர் 1-ஆம் தேதி கம்பெனி பஸ்ஸில் அத்திப்பள்ளியைத் தாண்டுகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், அந்தப் பக்கம் முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடி, கன்னட ராஜ்யோத்சவம். இந்தப் பக்கம் எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு வணக்கம். 1956-இல் மொழிவாரி மாநிலம் பிரிந்த ஒரே நாளுக்கு ஜூஜூவாடி சோதனைச்சாவடியின் இரு புறமும் இரண்டு பொருள்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு தேதிகளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. ஜூலை 23. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா 1925-இல் இறந்த நாள். சிறையில் தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏற விடாததால் நடந்தே ஊர் ஊராகப் போனவர். அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, மாலை போடுகிறார்கள், போட வேண்டியதுதான். அதே ஜூலை 23-இல், 1999-இல், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்டித் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதில் கைக்குழந்தையும் ஒன்று. இரண்டையும் ஒரே மேடையில் நினைவுகூர வேண்டும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தோம். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டார்கள். கூலி கேட்டதும் விடுதலை கேட்டதும் எப்படி வேறு வேறாகும் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது நவம்பர் 7. 1900-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் சிறுவன் பீமராவ் சத்தாரா ஊர் அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். மகாராஷ்டிர அரசு 2017 முதல் அதை மாணவர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. 2012-ஆம் ஆண்டு அதே நவம்பர் 7-இல், நமக்கு அடுத்த மாவட்டமான தர்மபுரியில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். நாங்கள் அங்கே போனபோது கண்ணில் பட்டவற்றில் மறக்க முடியாதவை, பாதி கருகிய பீரோக்களும் அதற்குள் இருந்த மார்க் ஷீட்டுகளும்தான். பெங்களூரில் கட்டட வேலை செய்து, அங்கேயே தகரக் கொட்டகையில் தூங்கி, அனுப்பிய பணத்தில் கட்டிய வீடுகள் அவை. ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்துத் தீ வைத்தார்கள். அந்தக் கும்பலுக்குச் சத்தாரா பள்ளியின் தேதி தெரிந்திருக்காது. தெரிந்து செய்யவில்லை, தற்செயல்தான். ஆனால் பள்ளியில் சேர்ந்த நாளையும் சான்றிதழ்கள் எரிந்த நாளையும் நம் பிள்ளைகள் இனி சேர்த்துத்தான் படிப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இப்படி ஒரு தேதி இருக்கிறது. சிந்தாமணி தாலுகா கம்பாலபள்ளியில் 2000 மார்ச் 11-இல் ஏழு பேரை வீட்டுக்குள் வைத்து எரித்தார்கள். அந்த வழக்கிலும் எல்லோரும் விடுதலை.

சரி, பெரிய மனிதர்களின் தேதி பரீட்சைக்கு வருகிறது. பெரிய கொடுமைகளின் தேதி நம் கூட்டங்களிலாவது வருகிறது. நம் வீட்டு ஆட்களின் தேதி எங்கே இருக்கிறது?

படிப்பகத்துப் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டில் உள்ள ஆதார் அட்டைகளில் பிறந்த தேதியைப் பார்த்துவரச் சொன்னோம். பிள்ளைகளுடையது சரியாக இருந்தது, ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அம்மா அப்பாக்களில் பாதிப் பேருக்கு ஜூன் 1, இல்லையென்றால் ஜூன் 5, ஜூன் 10. தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோருக்கு ஜனவரி 1. கணக்கு வாத்தியாரின் சூத்திரமெல்லாம் இங்கே செல்லாது! ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஹெட்மாஸ்டர் பையனின் கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயசு என்று எழுதிக்கொண்ட தேதி ஜூன் 1. ஆண்டு மட்டும் தெரிந்து நாள் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் போட்ட தேதி ஜனவரி 1. ஒரே நாளில் பிறந்த சமூகம் நாம்.

ராஜாஜிக்கு மட்டும் 1878-இல் பிறந்த நாள் எப்படித் துல்லியமாகத் தெரிந்தது? வீட்டில் ஜாதகம் கணிக்கும் பழக்கம் இருந்தது. அதோடு அவர் அப்பா தொரப்பள்ளி முன்சீப். ஊரில் யார் பிறந்தார், யார் செத்தார் என்று கணக்கு வைத்தது கிராம அதிகாரிகள்தான். அதற்குச் சற்று முன்னால்தான் தாது வருஷப் பஞ்சம் இந்தச் சேலம் ஜில்லாவை வழித்துப் போட்டிருந்தது. ஓசூரும் அன்று அந்த ஜில்லாவில்தான். சேரியில் செத்தவர்களின் எண்ணிக்கை எங்காவது ஒரு கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும், பெயர் எழுதப்பட்டிருக்காது. பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அதன் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நம் ஆட்கள் சிலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அதற்குப் பிறகுதான்.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். இன்றைக்கும் சாவுத் தேதிக்காக அலைகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். காரணம் எல்லை. ஓசூர் கம்பெனியில் அடிபட்டவரைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே இறந்தால் பதிவு அங்கேதான், ஏனென்றால் எங்கே சாவு நடந்ததோ அங்கே பதிவு என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். சான்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் தேன்கனிக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு நாலு நடை, நாலு நாள் கூலி போச்சு. ஓடும் ஆம்புலன்சில் உயிர் போனால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் கொடுக்க வேண்டும் என்று விதி. சந்தாபுரத்துக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் உயிர் போனது என்று எந்த டிரைவர் நின்று சொல்வார்? எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் ஒப்பந்தத் தொழிலாளி. இறந்த தேதியை நிறுவனம் ஒன்று சொன்னது, ஆஸ்பத்திரி ஒன்று சொன்னது, காரியம் செய்த வீட்டார் ஒன்று சொன்னார்கள். அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் இழப்பீட்டு மனு எட்டு மாதம் நின்றது.

ஆகவே படிக்கும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை அதிகாரியின் அனுமதி வேண்டும். ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போக வேண்டும். சான்றில் பெயர், அப்பா பெயர், ஊர், தேதி நான்கையும் வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பாருங்கள். வாரிசுச் சான்று, பட்டா மாற்றம், விதவை உதவித்தொகை எல்லாம் அந்த ஒற்றைத் தாளுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

டிசம்பர் கேள்வி கேட்ட பெண்ணிடமே ஒரு நீள நோட்டைக் கொடுத்து, காலனியில் இறந்தவர்களின் பெயரையும் தேதியையும் எழுதச் சொன்னோம். முதல் நாள் அவள் தன் சொந்தப் பாட்டியிடமே போனாள். தாத்தா செத்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது, பதிவும் இல்லை. அரசு கொடுத்த ஒன்றரை ஏக்கர் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. பட்டா மாற்றப் போகும்போதெல்லாம் இறப்புச் சான்று எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பாட்டி தேதியாகச் சொல்லவில்லை. "எம்.ஜி.ஆர். செத்தாரே, அதுக்கு மறுநாளு. சூளகிரியில ஒரு கடை தெறக்கல. பஸ்ஸு இல்ல. கோடித் துணி வாங்க ஆள் அனுப்பி வெறுங்கையோட வந்தாங்க. என் கல்யாணச் சேலையைத்தான் போத்தி எடுத்தாங்க" என்றார்.

அவள் நோட்டில் தாத்தாவின் பெயரை எழுதி, எதிரே 25-12-1987 என்று போட்டாள். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கான தாமதப் பதிவு மனுவை எங்களோடு உட்கார்ந்து அவளே தமிழில் எழுதினாள். தேதிக்கு ஆதாரம் என்ன என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டி சொன்னதை அப்படியே எழுதினாள். கடை அடைப்பு, பஸ் இல்லாதது, கல்யாணச் சேலை எல்லாவற்றையும். அன்றைக்கு உடனிருந்த இரண்டு பெரியவர்கள் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். மனு இந்தத் திங்கட்கிழமை போகிறது.